இடையன்குடித் திருக்கோயில்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணற்பரப்பும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் இடையன்குடி. அங்கு, மேனாட்டுக் ‘காதிக்’ முறையில் கல்லால் எழுந்த கிறித்தவத் திருக்கோயில் ஒன்று காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றது. கூர்நுனி வளைவுகளையுடைய சாளரங்கள் அதன் தனிச்சிறப்பாகும்.

அயர்லாந்து நாட்டில் 1814-ஆம் ஆண்டிற் பிறந்த கால்டுவெல் ஐயர் 1841-இல் இவ்வூரை அடைந்தார். அவர் 1847-இல் தொடங்கிய கோயிற்பணி 1880-இலேதான் நிறைவெய்தியது. அது வளர்ந்துவந்த காலத்திலேயே, 1856-இல், அவர்தம் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ வெளிவந்தது. தமிழும் அதன் இனமொழிகளும் தனிக்குடும்பம் என்பதை அந்நூல் உலகறிய நிறுவியது. கல்லடுக்கி எழுப்பிய கோயிலும் சொல்லடுக்கி ஆராய்ந்த நூலும் பொறுமையின் பயன்களே. 1891-இல் மறைந்த அப்பெரியார் இத்திருக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இத்தகைய பழங்கோயில்களைக் காணச் செல்வோர் வழிபடுவோரின் அமைதியைக் குலைத்தல் ஆகாது. சிலர் சுவரிலே தம் பெயரைக் கீறிச் செல்வர். 33 ஆண்டுகளின் உழைப்பை ஒரு நொடியில் வடுப்படுத்தும் செயல் அது! கட்டியோர் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் கை, கீறுதற்கு எழாது, கூப்புதற்கே எழும். எச்சமயத்தார் கோயிலாயினும் அதனைப் போற்றிக் காத்தல் நம் அனைவர்க்கும் கடனாகும்.