பாம்புத் தோலும் பாம்புச் சட்டையும்

வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் செதில்களின் அச்சு துல்லியமாகத் தெரியும். நிறம் மட்டும் அநேகமாக இருக்காது. அது மேல்தோலின் வெளி அடுக்கு. நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் வகைப் புரதம்தான் அதிலும் இருக்கிறது. பாம்புக்கு நிறமும் கோலமும் தரும் நிறமிச் செல்கள் பெரும்பாலும் அதற்கு அடியில், உள்தோலில் இருக்கின்றன. உள்தோலைப் பாம்பு ஒருபோதும் உரிப்பதில்லை. பையும் பெல்ட்டும் செய்ய வேண்டியிருப்பதோ அந்த உள்தோல். சட்டையைப் பொறுக்கி இந்தத் தொழிலை நடத்த முடியாது. பாம்பைக் கொன்றாக வேண்டும்.

கத்தியை எங்கே ஓட்டுவது என்பதில்தான் உரிப்பவரின் திறமை தொடங்குகிறது. வயிற்றில் கீறினால் முதுகுக் கோலம் அறுபடாமல் தோலின் நடுவில் வரும். மலைப்பாம்பின் கோலத்தைக் காட்ட இதுவே வழி. முதுகில் கீறினால் வயிற்றின் அகலச் செதில்கள் படிக்கட்டுபோல நடுவில் நிற்கும். ஒட்டிய சதையைச் சுரண்டி, பலகையில் விரித்து ஆணியடித்துக் காயவைப்பார்கள். பதனிடும் இடத்தில் மறுபடி ஊறவைத்துச் சுண்ணாம்பில் போட்டால் செதில்களின் கெரட்டின் உறை இளகிக் கழன்றுவிடும். பாம்பு தானாகக் கழற்றுவது எதுவோ, அதைத்தான் பதனிடுபவரும் கழித்துப் போடுகிறார்! மிஞ்சும் உள்தோலில் செதில்கள் இருந்த மேடுபள்ளம் அப்படியே இருக்கும். அதைப் பதனிட்டு மெருகேற்றுவார்கள். மெல்லிய தோல் என்பதால் அடியில் வேறு தோலையோ துணியையோ ஒட்டித்தான் தைப்பது வழக்கம்.

ஒரு காலத்தில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினர் தோலுக்காகச் சாரையும் நல்லபாம்பும் விரியனும் பிடித்தார்கள். மண்ணில் தடம் பார்த்தே வளையைக் கண்டுபிடிக்கும் அறிவு அவர்களுடையது. அதற்குத் தோல் வியாபாரிகள் தந்ததோ சொற்பக் காசு. வயலில் எலியைத் தின்று நெல்லைக் காத்த சாரைகள் செருப்பாகவும் பையாகவும் கப்பலேறின. இருளருக்கும் உழவருக்கும் சேர்த்தே இழைக்கப்பட்ட அநியாயம் என்றுதான் இதைச் சொல்வேன்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. பிழைப்பை இழந்தவர்களுக்காக, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் மண்பானையில் வைத்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் உண்டு. அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அதைப் பார்த்துக் கண்டுகொள்வார்கள்.