பிழை காட்டுவதற்கென்றே ஒரு பொத்தான்

திருவனந்தபுரத்தில் பொறியியல் படிக்கும் மார்த்தாண்டத்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஜாவாவில் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் கட்டமைப்பைப் பற்றிய வகுப்பில் ‘பெட் கிளினிக்’ என்ற மாதிரிச் செயலியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். “இதில் லாகின்கூட இல்லை. முன்பதிவு இல்லை, பில் இல்லை. ஓப்பன் சோர்ஸ்தானே, நாங்கள் நாலு பேர் சேர்ந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா?” என்று கேட்கிறார்.

பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் இதுதான் பதிலாக இருக்கும். அதற்கு நல்ல காரணம் உண்டு.

பெட் கிளினிக்கில் ஒரு கற்பனைக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செல்லப்பிராணி வளர்ப்பவர்கள், பிராணிகள், மருத்துவர்கள், வந்துபோன தேதிகள், அவ்வளவுதான். தரவு முழுவதும் இயல்பாக எச்2 என்ற தரவுத்தளத்தில், கணினியின் நினைவகத்திலேயே இருக்கும். நீங்கள் ஒரு நாய்க்குட்டியைப் பதிவு செய்துவிட்டுச் செயலியை நிறுத்தினால் நாய்க்குட்டி போய்விடும். மறுபடி ஓட்டினால் பழைய பத்து உரிமையாளர்கள் அப்படியே வந்து நிற்பார்கள். நிஜ மருத்துவமனையில் இப்படி நடந்தால் விபரீதம். கற்பவருக்கோ தரவுத்தளம் எதையும் தனியாக நிறுவாமல் ஐந்து நிமிடத்தில் தொடங்க இது வழி. எத்தனை முறை குழப்பினாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

சிறியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே கணக்கு என்றும் நினைத்துவிட வேண்டாம். மேவன், கிரேடில் என்று ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பில்ட் கருவிகளுக்கான கோப்புகளும் அதில் இருக்கின்றன. ஒன்றைத் தூக்கி எறிந்தால் பராமரிப்பவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் படிக்க வருபவர்களில் சிலர் மேவனோடு வருகிறார்கள், சிலர் கிரேடிலோடு. அதனால் இரண்டும் இருக்கின்றன. படிப்பவருக்கு எது வேண்டும் என்ற ஒரே கேள்வியால்தான் வைப்பதும் நீக்குவதும் தீர்மானமாகின்றன.

நான் படித்த பாலிடெக்னிக் பட்டறையில் ஒரு கட் செக்‌ஷன் என்ஜின் இருந்தது. பக்கவாட்டில் அறுத்து, பிஸ்டனும் வால்வும் தெரியும்படி சிவப்பும் மஞ்சளும் பூசி வைத்திருப்பார்கள். அது ஒரு சொட்டு டீசலும் குடிக்காது, ஒரு வண்டியையும் இழுக்காது. அதற்கு டர்போ சார்ஜர் மாட்டலாமே என்று யாரும் சொன்னதில்லை. மாட்டினால் பிஸ்டன் மறைந்துவிடும்.

மாதிரி என்பது காட்டிக் கற்பிக்கத்தான் என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சன் நிறுவனம், ஜாவாவில் பெரிய செயலிகளை எப்படி வடிவமைப்பது என்று காட்ட ‘ஜாவா பெட் ஸ்டோர்’ என்ற மாதிரியை வெளியிட்டிருந்தது. மீன், பூனை, பறவை விற்கும் கடை. 2001-இல் மைக்ரோசாஃப்ட் அதே கடையை டாட்நெட்டில் எழுதி, கால்வாசி வரிகளில் முடித்துவிட்டோம், வேகமும் பல மடங்கு என்று அறிவித்தது. பாடத்துக்காக எழுதிய நிரலை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு கிளின்டன் பெகின் என்ற நிரலாளர் ஜாவாவிலேயே ‘ஜேபெட்ஸ்டோர்’ என்ற சிக்கனமான கடையை எழுதிக் காட்டினார். ஒரு மாதிரிச் செயலி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் அதை அளக்கவே கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட் கிளினிக்கின் மெனுவில் கடைசியாக ‘எரர்’ என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் செயலி பிழையில் விழும். பழுதால் நடப்பதில்லை, அதற்காகவே ‘கிராஷ் கன்ட்ரோலர்’ என்று ஒரு கிளாஸை எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் ஒரே கடமை ஒரு ரன்டைம் எக்ஸெப்ஷனை வீசுவது. திரையில் செல்லப்பிராணிகளின் படமும், ஏதோ நேர்ந்துவிட்டது என்ற வரியும், இது எதிர்பார்த்த பிழைதான் என்ற விளக்கமும் வரும். இதற்கு டெஸ்ட்டும் உண்டு: பிழை சரியாக விழுந்தால்தான் அந்த டெஸ்ட் தேறும். லாகினுக்கு இடமில்லாத செயலியில் இதற்கு இடம் இருக்கிறது. பிழை எங்கே பிறக்கிறது, யார் அதைப் பிடிக்கிறார்கள், பயனர் கண்ணில் என்ன படுகிறது என்ற முழுப் பாதையையும் ஒரே சொடுக்கில் காட்டும் பாடம் இது. நம் பாடத்திட்டங்களில் வெற்றியாக ஓடும் நிரலுக்கு மட்டுமே மதிப்பெண். விழுந்தால் எப்படி விழ வேண்டும் என்று சொல்லித்தருவது மிகக் குறைவு.

அப்படியானால் உங்கள் நால்வரின் உழைப்பு என்னாவது? 2001 ஜூலை 20 அன்று, நீங்கள் படிக்கும் அதே திருவனந்தபுரத்தில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. பெட் கிளினிக்கின் அப்பாச்சி 2.0 உரிமமும் அதற்கு வழிவிடுகிறது. மூலச் செயலியில் சேர்க்க மறுப்பதால் உங்கள் கை கட்டப்படுவதில்லை. ஃபோர்க் செய்து, அதாவது உங்களுக்கென்று ஒரு நகலைப் பிரித்தெடுத்து, அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்குலர், கோட்லின், மைக்ரோசர்வீஸ் என்று தனித்தனி பெட் கிளினிக்குகள் அப்படித்தான் தனி வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. மூல வடிவத்தை நாடுபவர்களை அவை குழப்புவதில்லை, தேடுபவர்களுக்கும் கிடைக்கின்றன. லாகின் உள்ள பெட் கிளினிக்கை நீங்கள் எழுதுங்கள், நான் ஓட்டிப் பார்க்கிறேன்.

என் வருத்தம் வேறு இடத்தில். மாதிரிச் செயலியின் பெயரை மட்டும் மாற்றி, ‘ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்று இறுதியாண்டு புராஜெக்ட்டாகக் கொடுப்பது நடக்கிறது. அதையே வாடிக்கையாளருக்கு விற்றால் ஆபத்து. பெட் கிளினிக்கின் அமைப்புக் கோப்பில், ஆக்சுவேட்டர் என்ற கண்காணிப்புப் பகுதியின் எல்லா வாசல்களையும் திறந்துவிடும் ஒரு வரி இருக்கிறது. செயலியின் உள்நிலையைக் கற்பவர் எட்டிப் பார்க்கட்டும் என்று திறந்து வைத்தது அது. எச்2-வின் கன்சோலும் அப்படியே. காவலில்லாமல் அதே வரியோடு இணையத்தில் ஏற்றினால், நிஜ நோயாளிகளின் விவரம் இருக்கும் செயலியின் உள்ளே எவரும் எட்டிப் பார்க்கலாம்.

ஆகவே மாணவர்களே, மாதிரியிலிருந்து எடுத்த எதையும் வெளியில் விடும் முன் அந்த அமைப்புக் கோப்பை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் யாருக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். படிப்பவருக்காக எழுதிய வரிகளை நீக்கிவிட்டு, பயன்படுத்துபவருக்கு வேண்டியதை நீங்களே எழுதுங்கள்.