கூடவே வளரும் வால்வு

நண்பனின் மார்பில் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். லப்-டப், லப்-டப்! இதயத்திலுள்ள வால்வுகள் மூடிக்கொள்ளும் சத்தம்தான் அது. மொத்தம் நான்கு வால்வுகள். ரத்தத்தை முன்னே போக விட்டு, பின்னே திரும்பாமல் தடுப்பது அவற்றின் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். ஆனால் அந்த மெல்லிய இதழ்களின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது!

வால்வு பழுதானால் செயற்கை வால்வு பொருத்துவார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய ‘சித்ரா வால்வு’, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகச் சட்டத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கும். நன்றாக உழைக்கும். ஆனால் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். மாடு, பன்றியின் திசுவால் செய்த வால்வுகளும் உண்டு. அவற்றில் நாளடைவில் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் விறைத்துப்போகும். சிறுவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டு வகையும் வளராது என்பதுதான் பெரிய சிக்கல். ஐந்து வயதில் பொருத்திய வால்வு பதினைந்து வயதில் எப்படிப் போதும்? மறுபடி மார்பைத் திறக்க வேண்டியதுதான்.

உயிருள்ள வால்வையே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், அடுக்கடுக்காக மையைப் பிழிந்து, அச்சிட்டால் என்ன? இதற்கு மை, ஹைட்ரோஜெல். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் வழவழவென்று ஒரு உறை வருமே, அதுவும் ஹைட்ரோஜெல்தான். நிறையத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதால் செல்கள் அதற்குள் பிழைத்திருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பட்சர் குழுவினர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் ஜெலட்டினையும் கலந்து, செல்களோடு சேர்த்து வால்வு வடிவத்தில் அச்சிட்டார்கள். ஒரு வாரம் கழித்தும் பெரும்பாலான செல்கள் உயிரோடு இருந்தன.

நம் உடம்பின் வால்வுக்கு வலுத் தருவது கொலாஜன் என்ற புரதம். அதை அச்சிடுவது பெரும்பாடு. ரசத்தை முறுக்கு அச்சில் ஊற்றிப் பிழிந்தால் என்ன ஆகும்? அதே கதிதான்! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க் குழுவினர் ஒரு தந்திரம் செய்தார்கள். ஜெலட்டின் கூழ் நிரம்பிய பாத்திரத்துக்குள் ஊசியை விட்டு, அமிலத்தில் கரைத்த கொலாஜனைப் பிழிந்தார்கள். கூழில் அமிலத்தன்மை நீங்கியதும் கொலாஜன் இறுகியது. கூழ் அதைச் சரியாமல் தாங்கிக்கொண்டது. பிறகு உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் கூழ் உருகி ஓடிவிட்டது, வால்வு மட்டும் மிஞ்சியது! 2019-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் அச்சிட்ட வால்வின் குறுக்களவு 28 மில்லிமீட்டர்.

சரி, வளருமா? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அச்சு இயந்திரம் இல்லாமல் வேறு வழியில் போனார்கள். ஜெல்லுக்குள் ஆட்டின் தோல் செல்களை வளர்த்து, அவை கட்டிய கொலாஜன் கூடு உருவானதும் செல்களைக் கழுவி நீக்கினார்கள். மிஞ்சிய கூட்டால் செய்த வால்வை ஆட்டுக்குட்டிகளுக்குப் பொருத்தினார்கள். குட்டிகளின் செல்கள் அதில் குடியேறின. ஓராண்டில் குட்டியோடு வால்வும் வளர்ந்தது! எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய செய்தி.

அச்சிட்ட வால்வு மனிதர்களுக்கு வர இன்னும் நாளாகும். அதுவரை இருப்பதைக் காப்பாற்றுவோம். ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால், அது சில சிறுவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி வால்வைக் கெடுத்துவிடும். அதனால் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், ஊசிக்குப் பயந்து மறைக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.