பழைய படகு எஞ்சினைப் பேணுவோம்

வயலை நம்பி வாழ்ந்த குடும்பம் காணியை விட்டுக் கடற்கரைக்கு வந்தால், கைக்கு எட்டும் தொழிலைத்தான் பிடிக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய மூன்றரைத் தொன் படகை வாங்க நினைக்கலாம். 28 அடி நீளமும் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினும் கொண்ட இவ்வகைப் படகுகள் 1950களின் பிற்பகுதியில் இலங்கைக்கு அறிமுகமாயின.

எஞ்சினைக் கண்டு மலைக்க வேண்டாம். லேண்ட்மாஸ்டரை ஓட்டிப் பழகியவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். இரண்டும் டீசல் எஞ்சின்களே. தீப்பொறி கொடுக்கும் பிளக் இதில் இல்லை. பிஸ்டன் காற்றை இறுக்கி 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறது. அதில் நொசில் டீசலைத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே தேவை மூன்றுதான்: காற்று, சுத்தமான டீசல், நல்ல இறுக்கம்.

வித்தியாசம் கடலில் இருக்கிறது. வயலில் எஞ்சின் நின்றால் நடந்து வீடு வரலாம். கடலில் நின்றால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும். எனவே கரையில் செய்யும் பத்து நிமிட வேலைதான் உயிர்க்காவல்.

வாங்கும் முன்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைக்கும். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. புகையையும் கவனியுங்கள். சூடான பின்னும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. கரும்புகை, காற்றுப் போதாமை, பழுதான நொசில் அல்லது அதிக பாரத்தைக் காட்டும். வெண்புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் கலக்கிறது. கடன்பட்டு வாங்குவோர் ஒரு மெக்கானிக்கையும் உடன் கூட்டிச் செல்வது நல்லது.

புறப்படும் முன் நாளாந்தம்

1. ஒயில் அளவைப் பாருங்கள். கையேடு இல்லாவிட்டால் 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயிலையும் அதன் பில்டரையும் மாற்றுங்கள்.

2. டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து சிறிது வடித்துப் பாருங்கள். தண்ணீர் டீசலை விடப் பாரமானது, அடியில் தங்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் பலர் கான்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேர்த்து வைத்தார்கள். அப்படி வைத்த டீசலைத் துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கலப்பது பம்பின் உராய்வைக் கூட்டும்.

3. ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயால் கடல்நீர் வெளியே வருகிறதா எனப் பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். உறிஞ்சும் வாயைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம், அல்லது பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். நம் கரையில் மணல் அதிகம் நகரும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலையே மணல் மூடியது. மணல் கலந்த நீர் அந்த ரப்பரை விரைவில் தின்றுவிடும். மேலதிகமாக ஒன்றைப் படகில் வைத்திருங்கள்.

4. எஞ்சினில் பொருத்திய நாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். உப்பு நீர் இரும்புக்குப் பதிலாக அதைத் தின்னவே அது வைக்கப்பட்டுள்ளது.

கரைக்கு வந்ததும் டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரில் நீர் துளிர்க்கும்.

எஞ்சின் நின்றுவிட்டால்

முதலில் நங்கூரம் போடுங்கள். பிறகு டீசல் உண்டா, வால்வு திறந்துள்ளதா, பில்டர் அடைத்துள்ளதா என வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பில்டரின் மேல்திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். அதன் பின் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நொசிலின் வாயில் கையை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்தும். காயம் ஊசிமுனை அளவாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பெல்ட் அருகே சாரனை இறுக மடித்துக் கட்டுங்கள். கொதித்த எஞ்சினின் மூடியைத் திறக்கவோ அதன்மேல் கடல்நீர் ஊற்றவோ கூடாது; இரும்பு வெடித்துவிடும்.

மூழ்கிய எஞ்சின்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கரையில் எத்தனையோ எஞ்சின்களை உப்பு நீரில் மூழ்கடித்தது. புயலிலும் அப்படி நேரலாம். அத்தகைய எஞ்சினை உடனே சுழற்றாதீர்கள். தண்ணீர் இறுகாது; கம்பி வளைந்துவிடும். நன்னீரால் கழுவி, ஒயிலையும் டீசலையும் வடித்து, நொசில்களைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். உள்ளே புதிய ஒயில் ஊற்றி, அன்றே மெக்கானிக்கை அழையுங்கள். நாள் கடந்தால் துரு பிடித்துவிடும்.

டீசல் பம்பையும் நொசிலின் அழுத்தத்தையும் நாமே திருத்த முயல வேண்டாம். அது பழகியவரின் வேலை. சுத்தம், ஒயில், தண்ணீர் ஆகிய மூன்றும் நம் வேலை. பயிரைத் தினமும் சுற்றிப் பார்த்த கண்ணுக்கு, எஞ்சினைச் சுற்றிப் பார்ப்பது புதிதல்லவே! ஒரு கொப்பியில் ஒயில் மாற்றிய நாளையும் ஓடிய மணித்தியாலத்தையும் குறித்து வாருங்கள். பிள்ளைகளில் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால், அவரும் தொழிலைக் கற்றுக்கொள்வார்.