புல் காய்வதற்கு முன்னே

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலருகே முல்லையாற்றங்கரையில் நின்று நாற்புறமும் நோக்குகிறவருக்கு, வடக்கே கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் பழனி மலைத்தொடரும், மேற்கே போடிநாயக்கனூர் மலைகளும், தெற்கே மேகமலையும் ஒரே பார்வையில் அகப்படும். மோட்டார் பாதைகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஏலக்காய் மூட்டையும் விறகுக் கட்டும் சுமந்தவர்களின் பாதங்கள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் இம்மலைகளில் இன்றும் உயிரோடிருக்கின்றன. உல்லாசத்துக்காக மலையேறும் வழக்கமும், அதற்கும் ஒரு படி மேலே போய்க் காட்டுப் பாதையில் ஓடுகிற மலையோட்டமும் நம் இளைஞர்களிடையே பரவி வருகிற இந்நாளில், அப்பாதைகளைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலையோட்டத்துக்குப் பெயர்போன பிரதேசங்களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரை ஒன்று. நூற்றுப் பதினைந்து மீட்டருக்கும் மேலாக வளரக்கூடிய ரெட்வுட் விருட்சங்கள் நிறைந்த அந்தக் கரையோர மலைகளில், 1905-ஆம் ஆண்டு தொடங்கிய டிப்ஸீ என்னும் ஓட்டப் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. மழையற்ற கோடையில் கடலிலிருந்து எழும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டும் ஜலமே அம்மரங்களுக்குப் பேருதவி; ஓர் அடி கனம்வரை தடிக்கக்கூடிய அவற்றின் பட்டை நெருப்பை எளிதில் உள்ளே விடாது. 2020-இல் பிக் பேஸின் வனத்தைப் பெருந்தீ சூழ்ந்தபோது கருகி நின்ற ரெட்வுட் மரங்களிற் பல, பின்னர் அடிமரத்திலிருந்தே துளிர்த்தெழுந்தன.

நம் மலைகளின் உச்சியிலும் பனியைப் பிடித்து நீராக்கும் சோலைக்காடுகள் உண்டு. மழை ஓய்ந்த பின்னும் ஓடைகள் வற்றாமல் ஓடுவதற்கு அச்சோலைகளின் ஈரமண் ஒரு முக்கிய காரணம். ஆனால் சோலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே கிடக்கும் நெடுஞ்சரிவுகளில் பெரும்பகுதி புல். மார்கழியில் இடுப்பளவு பச்சையாக அசைந்து கண்ணைக் கவரும் அதே புல், மாசி பிறந்ததும் வெளுத்து, காலால் மிதித்தால் நொறுங்கும் சருகாகிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை அறியாதவர், எத்தனை தேகபலம் உடையவராயினும், இம்மலைகளில் தனியே நடக்கத் தகுதியுடையவரல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழமையான பாதைகளில் ஒன்று பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அடிவாரத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுவது. 1845-இல் மதுரையின் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறிய பின்பு, முதல் உலகப் போரை ஒட்டி மோட்டார் பாதை அமையும் வரையில், பெரியகுளத்துப் பக்கமிருந்து துரைமார் டோலியிலும், அவர்களைச் சுமந்த நம்மவர் வெறுங்காலிலுமாக ஏறிய வழி இதுவே. நடுவே வெள்ளகெவி என்றொரு சிற்றூர். வீடுகளுக்கிடையே தெய்வ சந்நிதிகள் அமைந்திருக்கும் அவ்வூர் முழுவதையுமே கோயிலாகக் கருதுகிற மக்கள், ஊருக்குள் செருப்பணிவதில்லை. விலையுயர்ந்த ஓட்டக் காலணியோடு வருகிறவரும் ஊர் எல்லையில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மண்ணின் சூடும் கல்லின் கூர்மையும் உள்ளங்காலில் பட நடந்து போவதே முறை. கீழே கும்பக்கரையில் யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்றெல்லாம் பெயர் பெற்ற பாறைக் குழிகளில் அருவிநீர் சுழன்று இறங்குகிறது. அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கொடைக்கானல் பக்கத்து மழையால் திடீரென வெள்ளம் பாய்ந்துவிடும். வனத்துறையார் குளிக்கத் தடை போடும் நாட்களில் அவர்களோடு வாதாடுவது விவேகமன்று.

மேற்கே போடியை அடுத்த குரங்கணிப் பாதையின் கதை வேறு. மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து இழுவைக் கம்பியில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1924-இன் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. நடைபாதை மட்டும் மிஞ்சியது. அதன் நடுவழியிலுள்ள இடத்தை இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே அழைக்கிறார்கள்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கும் வழியில் காய்ந்த புற்சரிவில் தீ சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. அவர்களில் பலர் இளம்பெண்கள். அன்று ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே ஓடிப்போய்க் காயம்பட்டோரைத் தோள்கொடுத்து இறக்கியவர்களில் அடிவாரத்துக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளரும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். பற்றவைத்த தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுடர் குச்சியை அவசரமாக விழுங்கிக்கொண்டு மேலேறுவதைக் காணலாம்; சரிவில் ஏறும் தீயும் தனக்கு முன்னிருக்கும் புல்லை முதலில் உலர்த்திச் சூடாக்கிவிட்டே தாவுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூச்சிரைக்க மேல்நோக்கி ஓடுகிற மனிதன் அதை வெல்ல முடியாது.

அந்த விபத்துக்குப் பின் நெடுநாள் சந்தேகத்துடனேயே பார்க்கப்பட்ட மலையேற்றம், 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற அரசுத் திட்டத்தின் கீழ் 40 பாதைகளுடன் ஒழுங்குபெற்றது. குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குச் செல்லும் வழியும் அவற்றுள் ஒன்று. மலைவாழ் மக்களிடையிலிருந்தே தேர்ந்து பயிற்சியளிக்கப்பட்ட வழிகாட்டிகள் உடன் வருவதும், தீக்காலத்தில் பாதைகளை மூடிவைப்பதும் இத்திட்டத்தின் சிறந்த அம்சங்கள். நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, திரும்பச் சொன்னால் திரும்புவதற்கு மனமுள்ளவர் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியிலும் தையிலும், வெயில் ஏறுமுன் புறப்பட்டுப் போகலாம். மாசி, பங்குனியில்தான் விடுமுறை கிடைக்கிறதென்றால், மலையை விட்டுவிட்டு, வீரபாண்டியிலிருந்து முல்லையாற்றுக் கரையோடு தென்னந்தோப்பு நிழலில் காலைப்பொழுதில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்.