கொத்துகிறவர் பெயரை எழுதுங்கள்

இலங்கையில் பசளை மானியம் காணியைப் பார்த்து வருகிறது, ஆளைப் பார்த்து வருவதில்லை. கமநல சேவை நிலையத்தில் முதலில் காணி பதிவாகியிருக்க வேண்டும். கமக்கார அமைப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். 1962இல் நெல்லை நினைத்துத் தொடங்கிய மானியம் இது. 2005க்குப் பிறகு நெற்காரருக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016இல் மூட்டையை நிறுத்தி, வயல் ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபாய் என்று காசாகவே கணக்கில் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் உருளைக்கிழங்கும் சேர்ந்திருந்தது. நுவரெலியாவில் அது பெரிய சேதி.

என் அம்மாவுக்கு அதனால் ஒரு சதமும் வரவில்லை. இராகலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். தாத்தா காலத்தில் ஒரு தோட்டத் தொரை வாய்ச்சொல்லால் விட்ட இடம் அது. கல் பொறுக்கி, மண் ஓடாமல் அந்தக் கல்லையே வரப்பாக அடுக்கி, மாட்டெரு சுமந்து மண்ணாக்கியது எங்கள் குடும்பம்.

அவரைக் கமநல சேவை நிலையமொன்றுக்குக் கூட்டிப் போனேன். உத்தியோகத்தர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“காணி யார் பேர்ல இருக்கு அம்மா?”

“நாங்கதாங்க ஐயா செய்றோம். மாமனார் காலத்துல இருந்து.”

“அது சரி. உறுதியோ பேர்மிட்டோ இருக்கா?”

அம்மாவிடம் இருந்தது பழைய சம்பளத் துண்டுதான்.

அந்த உத்தியோகத்தரை நான் குறை சொல்லமாட்டேன். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. கொத்துகிறவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் சொந்தக் காணி வைத்திருக்கும் சிறு தேயிலைக்காரருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி அதிகார சபையே இருக்கிறது. மறுநடுகைக்கு மானியமும் உண்டு.

மானியம் எட்டாத மேட்டுக்கும் 2021 மே மாதத் தடை வந்து சேர்ந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி நின்றதும் லீக்ஸ் தண்டு விரல் பருமனுக்கு மேல் தடிக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது யூரியா எங்களால் தொட முடியாத விலை. தேயிலையும் தப்பவில்லை: 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் 25 கோடியாக விழுந்தது. கொழுந்து இல்லாவிட்டால் கிலோக் கணக்கு நிறையாது. நாள் முழுக்க மலையேறியவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் வீட்டில் எப்படி உலை வைப்பது?

1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், அடுத்தவர் வயலில் பயிர் செய்பவருக்கும் உரிமை உண்டென்று எழுதியது. சொந்தக்காரர் வேறு, பாடுபடுகிறவர் வேறு என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிதல்ல. 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தோடு அரசே 200 ரூபாய் சேர்ப்பதாக அறிவித்தது. கம்பனி நிலத்தில் நிற்பவளுக்கும் அரசுப் பணம் போகலாம் என்று அதிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. ஆகவே மேட்டுக்காணி செய்கிறவர்களைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதியுங்கள். கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் ஒப்பமிட்டால் மானியத்துக்கு அது போதும் என்று விதியை மாற்றுங்கள். காணியுரிமைக்கு நாங்கள் தொடர்ந்து போராடுவோம். அது கிடைக்கும்வரை பசளைக் காசை நிறுத்தி வைக்கக் காரணமில்லை.