காற்றா, கரியமில வாயுவா?

பொருட்காட்சியிலோ சென்னைக் கடற்கரையிலோ பலூன் சுடும் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் துப்பாக்கியின் குழலை 'டக்'கென்று மடிக்கிறார்; அதன் துளையில் சிறிய ஈயக் குண்டு ஒன்றைச் செருகுகிறார்; குழலை நிமிர்த்தி உங்கள் கையில் தருகிறார். குழலை மடித்தபோதே உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கிக் கொண்டது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தன் முன்னால் இருக்கும் காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று குண்டைத் தள்ளுகிறது. வெடிமருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை.

ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே, கனமான ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பாய்ந்து துப்பாக்கியைக் குலுக்கி விடுகின்றன. பலூன் உடைக்க அது போதும். ஒலிம்பிக் போட்டியிலோ, பத்து மீட்டர் தொலைவில் உள்ள அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது! போட்டித் துப்பாக்கிகளில் இந்தக் குலுக்கலை அடக்கப் பல உபாயங்கள் செய்து பார்த்தார்கள். அதைவிட நல்ல வழி, அழுத்தத்தை முன்கூட்டியே ஒரு சிலிண்டரில் சேமித்து வைத்து, சுடும்போது வால்வு வழியாகச் சிறிதளவு மட்டும் திறந்துவிடுவது. அப்படியானால் சிலிண்டரில் எதை அடைப்பது? சாதாரணக் காற்றையா, கரியமில வாயுவையா?

கடையில் வாங்குகிறவரின் கேள்வி போல இது தோன்றினாலும், பதில் முழுவதும் பௌதிகத்தில்தான் இருக்கிறது.

இரண்டும் பழையவை

காற்றை அடைத்துச் சுடுவது புதிய யோசனை அன்று. 1780-ஆம் ஆண்டை ஒட்டி ஜிராண்டோனி என்பவர் ஆஸ்திரியப் படைக்காக ஒரு காற்றுத் துப்பாக்கியை உருவாக்கினார். அதன் அடிக்கட்டையே காற்றுக் கலம். குழலின் பக்கத்தில் இருபது குண்டுகள் வரிசையாக நின்றன. கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறக்குறைய 1,500 தடவை அடிக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். படைவீரர்களின் தோள்வலியை நாம் ஊகித்துக் கொள்ளலாம். கரியமில வாயுத் துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. பிரான்ஸ் நாட்டு பால் ஜிஃபார் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

திரவத்தின் வசதி

உங்கள் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரை நினைத்துக் கொள்ளுங்கள். அதை ஆட்டினால் உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். உள்ளே இருப்பது திரவம். அதன் மேலே ஆவி. ஆவியை எடுக்க எடுக்கத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. எனவே திரவம் தீரும் வரை உள்ளே அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. கரியமில வாயுவும் அப்படித்தான். 20 டிகிரி சென்டிகிரேடில் அதன் ஆவியழுத்தம் சுமார் 57 பார். (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்.) சிலிண்டரில் முக்கால் பங்கு திரவம் இருந்தாலும் 57 பார்தான், கால் பங்கு இருந்தாலும் 57 பார்தான். முதல் குண்டும் ஐம்பதாவது குண்டும் ஒரே அழுத்தத்தால் தள்ளப்படுகின்றன. அழுத்தத்தைச் சீர்ப்படுத்தத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. இயற்கையே இலவசமாகச் செய்து தருகிற வேலை இது!

இன்னொரு வசதி, கொள்ளளவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் திரவக் கரியமில வாயு 770 கிராமுக்குச் சற்று அதிக எடை இருக்கும். அதை வெளியே விட்டால் 400 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். ஒரு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தாலோ, வெளியே வருவது சுமார் 200 லிட்டர்தான். அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல், சரக்கோ பாதி.

அழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாதது மட்டும் இதில் ஒரு சங்கடம். திரவத்தின் கடைசிச் சொட்டு தீரும் வரை முள் அசையாது. எடை போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரையும் எடை போட்டுத்தானே வாங்குகிறோம்?

வெப்பம் செய்யும் கோளாறு

இவ்வளவு நல்ல கரியமில வாயுவைப் போட்டிக்காரர்கள் ஏன் கைவிட்டார்கள்? 57 பார் என்று சொன்னபோது '20 டிகிரியில்' என்ற ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொன்னேன் அல்லவா? அந்த நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. 10 டிகிரியில் இதே ஆவியழுத்தம் 45 பார். பூஜ்ய டிகிரியில் 35 பார். மாறாக 30 டிகிரிக்கு ஏறினால் 72 பார். ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் ஒரு பாருக்கு மேல் மாறுகிறது.

காற்றை இதோடு ஒப்பிடுங்கள். 20 டிகிரி என்பது தனிவெப்பநிலையில் 293. 10 டிகிரி என்பது 283. அடைத்த காற்றின் அழுத்தம் இந்த விகிதத்தில்தான் குறையும். அதாவது நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. கரியமில வாயுவில் அதே பத்து டிகிரிக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் குறைகிறது. விரிகிற வாயுவுக்கும் கொதிக்கிற திரவத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

இந்தக் குளிர்ச்சி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. துப்பாக்கியே அதை உண்டாக்கிக் கொள்ளும். திரவம் ஆவியாக உள்ளுறை வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் சுவரிலிருந்தும்தான் எடுத்துக் கொள்கிறது. கல்யாணச் சமையலில் பெரிய அடுப்புகளை ஒரே சமயத்தில் எரித்தால் சிலிண்டரின் அடிப்பகுதி வியர்த்துப் பனி பூத்து நிற்பதையும், சமையற்காரர் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதையும் கவனித்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான்.

ஒரு சிறு கணக்குப் போடலாம். கைத்துப்பாக்கிகளில் செருகும் சிறு எஃகுக் குப்பியில் 12 கிராம் கரியமில வாயு இருக்கும். அதைக் கொண்டு அறுபது முறை சுடலாம் என்று வைத்தால், ஒரு முறைக்கு 0.2 கிராம் செலவு. 20 டிகிரியில் ஒரு கிராம் ஆவியாகச் சுமார் 150 ஜூல் வேண்டும், 0.2 கிராமுக்கு 30 ஜூல். குப்பியும் மிச்சத் திரவமும் ஒரு டிகிரி குளிர்வதற்குச் சுமார் 50 ஜூல் இழக்க வேண்டும் என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் அரை டிகிரிக்கு மேல் குளிர்கிறது. விட்டு விட்டுச் சுட்டால் அறையின் வெப்பம் அதை ஈடு செய்துவிடும். படபடவென்று பத்துத் தடவை சுட்டால் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். அழுத்தமும் ஏழெட்டு பார் இறங்கும். துப்பாக்கியின் வால்வு இந்த இறக்கத்தை ஓரளவு ஈடு செய்வதும் உண்டு: உள்ளழுத்தம் குறைந்தால் வால்வை மூடும் விசையும் குறைவதால், அது சற்று அதிக நேரம் திறந்திருக்கிறது. ஆனால் முழுவதும் ஈடு செய்வதில்லை.

இரண்டு மில்லிமீட்டரின் மதிப்பு

போட்டித் துப்பாக்கியின் குண்டு, அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயத் துண்டு. அது வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், பத்து மீட்டரைக் கடக்க அதற்கு 0.059 வினாடி ஆகும். அந்தச் சிறு நேரத்திலும் புவியீர்ப்பு தன் வேலையைச் செய்கிறது. பள்ளியில் படித்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: குண்டு 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். வேகம் 160 மீட்டராகக் குறைந்தால் 19 மில்லிமீட்டர் இறங்கும். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்.

'பூ, இவ்வளவுதானா?' என்று தள்ளிவிடாதீர்கள். பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளியே இரண்டரை மில்லிமீட்டர்தான். புள்ளியைத் தசம அளவில் கணக்கிடும்போது, கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போய்விடும். இரண்டு மில்லிமீட்டருக்கு 0.8 புள்ளி. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவர் பெற்றது 700.5 புள்ளி. வெள்ளி வென்ற சீன வீரர் ஜூ சினான் பெற்றது 699.7. எழுபது குண்டுகள் சுட்ட பின்பு இருவருக்கும் இடையில் நின்ற வித்தியாசம், நாம் கணக்கிட்ட ஒரே ஒரு குண்டின் சரிவுதான்!

எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு தாழ்ந்தால் குறிபார்க்கும் அமைப்பைச் சற்றுத் திருகி அதைச் சரி செய்து கொள்ளலாம். போட்டி நடக்க நடக்கத் தாழ்ந்து கொண்டே போனால் எதைத் திருகுவது?

முப்பத்தொரு டிகிரியின் எல்லை

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 1869-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கரியமில வாயுவை ஆராய்ந்து ஒரு வியப்பான செய்தியை அறிவித்தார். ஏறக்குறைய 31 டிகிரிக்கு மேல் என்ன அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாவதில்லை. திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடுகிறது. இதுதான் மாறுநிலை வெப்பநிலை. சோதனைக்குத் தோதாகக் கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை அறை வெப்பத்தை ஒட்டி இருந்தது ஆண்ட்ரூஸுக்கு அதிர்ஷ்டம். மே மாதத்தில் திருச்சியிலோ வேலூரிலோ சுடுகிறவருக்கு அது துரதிர்ஷ்டம். அங்கே நிழலிலேயே 31 டிகிரியைத் தாண்டிவிடும். சிலிண்டருக்குள் கொதிப்பதற்குத் திரவமே இல்லை என்றால், 'மாறாத அழுத்தம்' என்ற இலவச வசதியும் போய்விடுகிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு முக்கால் கிலோவுக்குக் குறைவாக, எடை போட்டுத்தான் இதை நிரப்புவார்கள். மேலே ஆவிக்கு இடம் விடுவார்கள். அப்படி முறையாக நிரப்பிய சிலிண்டரிலேயே 40 டிகிரியில் அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். ஆசைப்பட்டு வழிய வழிய நிரப்பி, வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றின் தரப்பு

காற்றுக்கும் குறை உண்டு. ஜிராண்டோனியின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்டதும் கலத்தின் அழுத்தம் குறைந்தது. குண்டின் வேகமும் இறங்கிக் கொண்டே போனது. இன்றைய போட்டித் துப்பாக்கிகள் இதைத் தீர்த்தது ரெகுலேட்டரால். சிலிண்டரில் 200 பார்; ரெகுலேட்டருக்கு அப்பால் ஒரு சிறு அறை. அறைக்குள் காற்று சிறு துளை வழியாக நுழைகிறது. அறையின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அந்த அழுத்தமே ஒரு பிஸ்டனின் அகன்ற தலையைத் தள்ளி, அதன் ஸ்பிரிங்கை அமுக்கித் துளையை அடைத்துவிடுகிறது. சுட்டதும் அறை காலியாகிறது, ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது, துளை திறக்கிறது, அறை மறுபடி அதே அளவுக்கு நிரம்புகிறது. சிலிண்டரில் 200 பார் இருந்தால் என்ன, 120 இருந்தால் என்ன, குண்டுக்கு அது தெரியாது. மழையானாலும் வெயிலானாலும் ஏறக்குறைய ஒரே தள்ளல். மிச்சம் எவ்வளவு என்பதை அழுத்தமானியே சொல்லிவிடும்.

காற்று இலேசானது என்பதும் ஒரு சாதகம். அதன் மூலக்கூறு எடை சராசரியாக 29. கரியமில வாயுவுக்கு 44. குண்டைத் தள்ளும் வாயு தானும் குழலுக்குள் ஓட வேண்டும் அல்லவா? கனமான வாயு மெதுவாகத்தான் ஓடும். போட்டிக்குரிய 170 மீட்டர் வேகத்துக்கு இது பெரிய தடையன்று. அதிக வேகம் வேண்டுமானால்தான் தெரியும்.

தொல்லை எல்லாம் நிரப்புவதில். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் வெளியேறாதபடி காற்றை ஒரே மூச்சில் 200 பாருக்கு நெருக்கினால், கணக்குப்படி அது ஆயிரம் டிகிரியைத் தாண்டும்! அதனால்தான் பம்புகளில் பல கட்டங்களாக நெருக்கி, இடையில் ஆறவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகி உள்ளே தங்காதபடி உலர்த்தவும் வேண்டும். காற்றுக்குப் பதில் ஆக்ஸிஜனை அடைப்பது தற்கொலைக்குச் சமம். எண்ணெய்ப் பிசுக்கு சிறிது பட்டாலும் தீப்பற்றி வெடிக்கும்.

1980-களின் பிற்பகுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் போட்டித் துப்பாக்கிகளில் கரியமில வாயு செல்வாக்குடன் இருந்தது. நம்பத்தக்க ரெகுலேட்டர்கள் வந்த பின்பு, 1990-களில் காற்று அதை ஓரங்கட்டியது. போட்டியில் சுடுகிறவருக்கு நானும் காற்றையே சொல்வேன். ஆனால் ஒரே சீரான வெப்பமுள்ள அறையில், நிதானமாகப் பயிற்சி செய்யும் மாணவருக்கு கரியமில வாயு போதும். விலையுயர்ந்த பம்பும் பெரிய சிலிண்டரும் தேடி அலைய வேண்டாம். மின்விசிறி மட்டும் சுழலும், ஓடு வேய்ந்த பள்ளிக் கூடத்தில் மே மாதப் பயிற்சி என்றால், அதைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கால் லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று திடீரென வெளிப்பட்டால் ஏறக்குறைய 10,000 ஜூல் ஆற்றல் விடுபடும். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரை ஆறு மாடி உயரத்துக்குத் தூக்கிவிட அது போதும். ஆகவே சிலிண்டரின் மேல் தயாரித்த தேதியோ உபயோகிக்கும் காலக் கெடுவோ பொறிக்கப்பட்டிருக்கும். சர்வதேசப் போட்டி விதிகளின்படி, கெடு தாண்டாத சிலிண்டரைக் கொண்டு வருவது சுடுகிறவரின் பொறுப்பு. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தத் தேதியைப் படியுங்கள்.